அறுபத்தொரு ‘வேண்டாம்’

மார்ச் 2, திங்கள்

காலையிலேயே வெயில். ஒரு ஏ.சி. ஓடவில்லை. ஓடுவது சொட்டுகிறது. அடியில் வாளி. கீழே டயர் கடை, மாடியில் எங்கள் ஆபீஸ். கரும்பு லாரி போகும்போதெல்லாம் மேசை அதிர்கிறது.

ரம்ஜான் நோன்பு. பத்து மணிக்கே நாக்கு வறண்டுவிட்டது.

ஏழுமலை அண்ணன் இன்றிலிருந்து ஒரு வாரம் லீவு. ஊர் வெள்ளிமலைக்கு அப்பால். மகளுடைய பிறப்புச் சான்றிதழ் விஷயமாம். கடைசிச் சரிபார்ப்பு அவர் பார்ப்பது. அது இப்போது என் தலையில். மேனேஜர் முருகவேல் சார் (இனிமேல் மு.வே., முழுப் பெயர் எழுதப் பொறுமை இல்லை) சொன்னது: “அவன் பக்கத்துல குந்திக்கினு இருக்கறது நீதானேம்மா. வேற யாருக்குத் தெரியும்?”

சரிபார்ப்பு என்றால், வாடிக்கையாளர் கைக்குப் போகும் தாள்களை ஒருமுறை புரட்டுவது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றுதான் முதல் தடவையாக முழுதாகப் புரட்டினேன். புரட்டாமலே இருந்திருக்கலாம்.

நாளைக்கு யாராவது கேட்டால் எனக்கே குழம்பிவிடும். அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. அமெரிக்காவில் ஒரு கம்பெனி. ஊருக்கு ஊர் கடை போட்டு ஜனங்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது தொழில். வருகிறவர்கள் தாள்களைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். அந்த நேரத்தில் கள்ளக்குறிச்சியில் பதினாலு பேர் நிரப்புவோம். அவர்கள் எழுந்திருக்கும்போது தயார்.

2. இந்த வருஷம் புதிது: அந்த ஊர் அரசு குழந்தைகளுக்குச் சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கிறது. போன வருஷம் பிறந்த குழந்தை என்றால் அரசே ஆயிரம் டாலர் போட்டுத் தொடங்கும். ஆனால் தானாகப் போடாது. ‘வேண்டும்’ என்று பெற்றவர்கள் ஒரு படிவத்தில் தெரிவு செய்யவேண்டும். அந்தப் படிவத்தை வரிப் படிவத்தோடு சேர்த்து அனுப்புவது நாங்கள்.

3. கம்பெனி அந்தக் கூடுதல் படிவத்துக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. கேள்வித்தாளில் கேட்பது இவ்வளவுதான்: ‘குழந்தைக் கணக்குப் படிவம் சேர்க்கவா? கூடுதல் கட்டணம் உண்டு.’ அரசு ஆயிரம் டாலர் போடும் என்று ஒரு வார்த்தை இல்லை. யார் ‘ஆம்’ போடுவார்கள்? பாதிப் பேர் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

4. காலியாக விட்டால் எங்கள் திரையில் அந்தக் கட்டம் சிவப்பாக நிற்கும். சிவப்பு இருந்தால் ஃபைல் போகாது. போகாவிட்டால் மு.வே. கத்துவார். ஒரு ஃபைலுக்கு இருபத்திரண்டு நிமிஷம்.

5. ஜனவரியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கத்தில் காலியாக இருக்கும் எல்லாக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ விழும். சிவப்பு போய்விடும். ஏழு நிமிஷம் மிச்சம். மு.வே. எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

6. இன்று புரட்டிய தாளில் கடைசிப் பக்கம்: ‘கணக்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. வேண்டாம் என்று வாடிக்கையாளர் தெரிவித்தார்.’

யாரும் எடுத்துச் சொல்லவில்லை. யாரும் தெரிவிக்கவில்லை. தெரிவித்தது நான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அம்மா: “இன்னாடி, மூஞ்சி இப்படி இருக்கு?” தலைவலி என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

எண்ணினேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். எனக்குத்தான் சாப்பாடு இல்லையே.

போன வருஷம் பிறந்த குழந்தை, கேள்விக்குப் பதில் காலி, நான் முடித்த ஃபைல். மொத்தம் அறுபத்தொன்று. இரண்டு தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணப் பயம்.

அறுபத்தொரு ஃபைலிலும் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் இல்லை. ஏழுமலை என்று இருக்கிறது. பதினாலு பேருக்கு ஆறு ஐடிதான் வாங்கியிருக்கிறார்கள். என்னைப் போன்ற சீசன் ஆட்கள் பக்கத்து ஆளின் ஐடியில் நுழைவோம். கம்பெனி விதிப்படி அது கூடவே கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே மு.வே. ஒரு சீட்டில் அண்ணனின் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். ஏப்ரலில் நிரந்தரமாக்கும்போது தனி ஐடி தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரில் ஒரு ஐடி. அதற்காகத்தான் இந்த ஏழு நிமிஷ வித்தையெல்லாம்.

மு.வே.யிடம் போனேன்.

“சார், இந்தக் குழந்தைக் கணக்கு...”

“இன்னா அதுக்கு?”

சொன்னேன். காது கொடுத்தார், கண் திரையில்.

“கேக்காதவங்களுக்கு வேணாம்னு போட்டா தப்பா?”

“அவங்க வேணாம்னு சொல்லலயே சார். தாள்ல சொன்னாங்கன்னு வருது.”

“அப்புறமா போட்டுக்கலாம் இல்ல? காலம் இருக்கு இல்ல?”

இருக்கிறது. அதையும் படித்துப் பார்த்தேன். பின்னாலும் அந்தப் படிவத்தைத் தனியாகப் போடலாம். ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே? கையில் இருக்கும் தாளோ ‘உனக்குச் சொன்னோம், நீ வேண்டாம் என்றாய்’ என்கிறது.

“அவங்க ஊர்ல பேப்பர் இல்லியா, டி.வி. இல்லியா? போம்மா. இன்னிக்கு உனக்கு இருவது ஃபைல்.”

இருபத்திரண்டு முடித்தேன். அந்த இரண்டு விசையைத் தொடவில்லை. ஒவ்வொரு சிவப்புக்கும் ‘வாடிக்கையாளரிடம் கேட்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மூன்று. மு.வே.க்கு இன்னும் தெரியாது.

மார்ச் 4, புதன்

மின்சாரம் இரண்டு முறை போனது. கட்சி வண்டி ஒன்று ஒரு மணி நேரமாக வாசலில் நின்று பாட்டுப் போட்டது. டயர் கடைக்காரர் திட்டியது மாடி வரை கேட்டது. திருப்பி எழுத முடியாத வார்த்தைகள்.

அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இத்தனை நாள் திறக்காத பக்கம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கைப்பட எழுதும் குறிப்பு. இருபத்திரண்டு நிமிஷத்தில் அதற்கு ஏது நேரம்?

முக்கால்வாசி காலி. ஒருவர் ‘சீக்கிரம் வேண்டும்’. ஒருவர் நாய் வளர்ப்புச் செலவைக் கழிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

நாற்பத்து நாலாவது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் பெண். ராத்திரி ஓர் ஓட்டலில் அறை துடைக்கிறாள். கணவன் பெயர் இடத்தில் கோடு. ஜூலையில் பிறந்த குழந்தை. குறிப்பில் எல்லாம் பெரிய எழுத்து: என் மகனுக்குக் கிடைக்கக்கூடியது ஏதாவது இருந்தால் தயவுசெய்து பாருங்கள், எனக்கு இதெல்லாம் தெரியாது.

கேட்டிருக்கிறாள். எழுதியே கேட்டிருக்கிறாள். ‘வேண்டாம்’ என்று போட்டேன். நேரம் கூடப் பதிவாகியிருக்கிறது: பிப்ரவரி 6, பகல் 11.52. அன்று மதியம் மு.வே. எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். இலக்கைத் தாண்டிவிட்டோமாம்.

அண்ணனுக்குப் போன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அவர் ஊரில் சிக்னல் கிடையாது. பாறை ஒன்று இருக்கிறதாம், அதன் மேல் ஏறினால் இரண்டு கோடு.

மார்ச் 5, வியாழன்

வயிற்று வலி. மாதத்து வலி. நோன்பு இல்லை. ஆனாலும் ஆபீசில் டீ குடிக்கவில்லை. குடித்தால் பதினோரு ஆணும் கணக்குப் போடுவான். தண்ணீர் கூடக் கழிவறையில் நின்று குடித்தேன். கேவலம். யாருக்குக் கேவலம் என்றுதான் தெரியவில்லை.

திருப்பி அனுப்பிய மூன்று ஃபைலும் கண்டுபிடிக்கப்பட்டன. மு.வே. மேசைக்கே வந்துவிட்டார்.

“கம்பெனிக்காரனக் கேள்வி கேக்க நீ யாரு?”

“வாடிக்கையாளரத்தான் சார் கேக்கச் சொன்னேன்.”

“பழசையும் கெளறப் போறியா?”

“அறுபத்தொண்ணு இருக்கு சார். பட்டியல் போட்டு அனுப்பிச்சா அவங்களே லெட்டர் போட்டுடுவாங்க.”

குரலைத் தாழ்த்தினார். கத்துவதைவிட அதுதான் பயம்.

“யாரு பேர்ல இருக்கு அதெல்லாம்? ஏழுமலை பேர்ல. கேட்டா யாரைக் கேப்பான்? ஐடி யாருதோ அவன்தான் பதில் சொல்லணும். அவன் வேலை போச்சுன்னா நீ சோறு போடுவியா? மலையில இருந்து டிகிரி முடிச்சு எறங்கி வந்தவன். யோசிச்சுக்கோ.”

அவருக்கு அண்ணன் மேல் இவ்வளவு கரிசனம் இன்றுதான் பார்க்கிறேன். ஏழுமலை கொண்டுவரும் சாப்பாட்டை ‘காட்டுச் சோறு’ என்று கிண்டல் செய்கிற வாய் அது.

ஆனால் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

ஜும்மா தொழுகைக்குக் கடை அடைத்துவிட்டு அத்தா சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். பாத்திரக் கடையில் ரம்ஜான் வியாபாரம் பரவாயில்லையாம். பிரியாணி அண்டா வாடகைக்கு ஆறு போயிருக்கிறது.

அத்தாவிடம் பாதி சொன்னேன். அவர் கேட்டது: “அந்த மலைக்காரப் பையன்கிட்ட கேட்டியா?”

இல்லை.

“அவன் பேர வச்சு நீ நியாயம் பேசிக்கினு இருக்க. அவனக் கேக்க வேணாமா?”

சரிதான். அறுபத்தொரு பேரைக் கேட்காமல் முடிவு செய்தாயிற்று. அறுபத்திரண்டாவதாக இவர்.

அம்மா: “தனியாவா? மலைக்கா? நோன்பு நாள்லயா?” மூன்று கேள்விக்கும் ஆமாம், ஆமாம், ‘எனக்கு நோன்பு இல்லையே’.

மார்ச் 8, ஞாயிறு

காலை ஏழு மணி பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லாதது. கச்சிராயபாளையம் தாண்டியதும் காற்று மாறியது. ஜன்னலோரம் கிடைத்தது. பின்சீட்டில் இரண்டு பெண்கள், மூன்று மூட்டை.

கண்டக்டர்: “உனக்குத்தான் ஓசி. மூட்டைக்குமா ஓசி?”

பெண்: “மூட்டைக்குள்ள இருக்கறதும் பொம்பளதான்னு எழுதிக்க.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஓசி என்று சொல்லும்போது அவர் வாய் கோணுவதைப் பார்க்க வேண்டும். சொந்தக் காசைப் பிடுங்கிக் கொடுத்த மாதிரி.

வளைவுகளில் தலைசுற்றல். வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப். பதினெட்டுப் பேர். என் மடியில் யாருடைய கோழியோ.

அண்ணன் வீடு. ஓடு பாதி, தகரம் பாதி. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

“இன்னாம்மா ஆச்சு? வேலைய வுட்டு எடுத்துட்டானா?”

“இன்னும் இல்லண்ணா.”

அவர் மனைவி செல்வி. என் வயதுதான் இருக்கும். “வாங்க, உள்ள வந்து குந்துங்க” என்று பாய் போட்டார். தட்டில் சாமைச் சோறும் குழம்பும் கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். “ஐயோ, உங்களுக்கு நோம்பு இல்ல?”

“இன்னிக்கு இல்லீங்க.”

புரிந்ததும் சிரித்துவிட்டார். “அப்ப நல்லா சாப்புடுங்க. இந்த நாளுலதான் பசிக்கும்.” ஆபீசில் ஒளிந்து தண்ணீர் குடித்தவள் மலையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

குழந்தை பதினாலு மாதம். மூக்கு ஒழுகுகிறது. ‘அனு’ என்று கூப்பிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம் வெறும் கோடு. ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர்த்திருந்தால் சும்மா முடிந்திருக்கும். இவர்களுக்கு அது தெரியாது. மகள் பெயரில் சேமிப்புக் கணக்குத் திறக்க மலையிறங்கிப் போனபோதுதான், பெயரில்லாத குழந்தைக்கு எப்படிக் கணக்கு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது தாமதக் கட்டணம், விண்ணப்பம், இந்த ஆளைப் பார், அந்த ஆள் மீட்டிங்கில் இருக்கிறார். ஒரு வாரம் போய்விட்டது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு:

“எனக்குத் தெரியும்.”

“இன்னாது?”

“கடைசிப் பக்கம். நான்தானே புரட்டறேன்? இருவது நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். வாய மூடிக்கினு அனுப்பிச்சேன்.”

“ஏன்ணா?”

“ஏன்னா? எம் பேரு போட்டிருக்கும்மா அதுல. நீ அழுத்தின, எம் பேரு விழுது. யாருகிட்ட போய் இன்னான்னு சொல்றது?”

இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வானிலை சொல்வது மாதிரி சொன்னார்.

பட்டியல் அனுப்பலாமா என்று கேட்டேன். அப்போதுதான் கோபம் வந்தது.

“நீ அனுப்புவ. உங்க அத்தாவுக்குக் கடை இருக்கு. நாளைக்கே வேலை இல்லன்னா கல்லாவுல போய்க் குந்திக்குவ. நான் எங்க குந்தறது? மரவள்ளி புடுங்கவா? அமெரிக்காக்காரன் புள்ளைக்கு ஆயிரம் டாலர் வரணும்னு எம் புள்ள சோத்துல மண்ணு போடணுமா?”

சலவைக் கூடத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே, இவரை மடக்குவதற்காகத்தான் சொல்கிறேன் என்று பட்டது. அசிங்கமாக இருந்தது.

செல்வி அடுப்புப் பக்கமிருந்து கேட்டார்: “அதுங்களுக்கு இப்பவும் போட முடியுமா?”

“முடியும். யாராவது சொன்னா.”

“சொல்லாம வுட்டா?”

“தெரியாமலே போயிடும்.”

“நமக்கு ஆன மாதிரி” என்றார் அண்ணனைப் பார்த்து. “பேர எழுதிக்கோன்னு ஒருத்தன் சொல்லல. சொல்லியிருந்தா ஒரு நாள் வேலை.”

“நீ கம்முனு இரு” என்றார் அண்ணன்.

“கம்முனுதான் இருக்கேன். இவ்ளோ நாளு நீயும்தான் கம்முனு இருந்த.”

ஜீப் வரும் வரை குழந்தை என் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது செல்வி ஒரு பை சாமை கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை மேலேயே வெறுப்பு. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். சான்றிதழ் இன்னும் ஆகவில்லை. இன்னும் ஒரு கையெழுத்து.

காலை முழுக்க என்னிடம் பேசவில்லை. மதியம் மாடிப்படியில் நின்று, முகத்தைப் பார்க்காமல்:

“நேத்து செல்வி தூங்க வுடல.”

ஒரு படி இறங்கி நின்றேன்.

“அனுப்பு. ஆனா ஒண்ணு. என் பாஸ்வேர்டை எனக்குத் தெரியாம நீயா எடுத்து நுழைஞ்சேன்னு எழுது.”

“அது பொய்யாச்சேண்ணா. மு.வே.தான சீட்டுல எழுதிக் குடுத்தாரு.”

“அத எழுதினா கம்பெனி இந்த ஆபீஸையே மூடிட்டுப் போயிடுவான். பதினாலு பேரும் ரோட்டுல. நீ சீசன் ஆளு. ஏப்ரல்ல போனாலும் போற ஆளுதான்.” போகத் திரும்பி, “நான் கேக்கறது தப்புதான்” என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தேன். ஆறு அடி போக, ஆறு அடி வர.

அவர் மேல் கோபம். பிறகு அவர் மேல் கோபம் இல்லை. ஆறு ஐடியில் பதினாலு பேரை ஓட்டியவன் தப்பிக்கிறான், அவன் தப்பிக்க நான் பொய் சொல்லவேண்டும் என்பதில்தான் கோபம். கட்டணத்தைப் பெரிதாக எழுதி ஆயிரம் டாலரை எழுதாமல் விட்ட கம்பெனியும் தப்பிக்கிறது. மாட்டுவது யார்? ஒரு கேள்விக்குப் பதில் எழுதாத சலவைக்காரி. ஒரு கட்டத்தில் பெயர் எழுதாத ஏழுமலை. காலி இடம் விட்டால் போதும், எங்கேயும் யாராவது வந்து ‘இல்லை’ என்று நிரப்பிவிடுகிறார்கள்.

நான் உட்பட. அதை மறக்கக் கூடாது.

மார்ச் 10, செவ்வாய்

அமெரிக்கக் கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.

ஒன்று: உண்மை. ஆறு ஐடி, சீட்டு, சமோசா எல்லாம்.
இரண்டு: ஏழுமலை இல்லாத நேரம் அவருக்குத் தெரியாமல் அவர் ஐடியில் நுழைந்தேன். காலிக் கட்டங்களில் கேட்காமல் ‘வேண்டாம்’ போட்டேன். பட்டியல் இணைப்பில். இவர்களுக்குத் தயவுசெய்து தெரியப்படுத்தவும். நாற்பத்து நாலாவது நபரின் குறிப்பைப் படிக்கவும்.

முதலாவது நன்றாக இருந்தது. எழுத எழுத ஜுரம் மாதிரி சுகம். மூன்று பக்கம். இரண்டாவது பதினோரு வரி.

பகல் 3.40. இரண்டாவதை அனுப்பினேன். கீழே என் முழுப் பெயர். இந்த ஆபீசிலிருந்து என் பெயரோடு போன முதல் தாள் இதுதான்.

முதலாவதை அழிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

காலை 9.15. ஏழுமலையின் ஐடியும் பாஸ்வேர்டும் ‘தவறு’ என்று வந்தது. மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் அண்ணன் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மு.வே. கூப்பிட்டார். கத்துவார் என்று போனேன். நாற்காலி காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்றார். நோன்பு என்றேன் (நேற்றிலிருந்து மீண்டும்). “ஆமா ஆமா, மறந்துட்டேன்.”

நிம்மதியாக இருக்கிறார்! சீட்டைப் பற்றி எழுதிவிட்டேனோ என்று விடிய விடியத் தூங்கவில்லையாம். அவரே சொன்னார். வெட்கமே இல்லாமல்.

“புத்திசாலிப் பொண்ணு. ரெண்டு மாசச் சம்பளம் முழுசா குடுத்துடறேன். கையெழுத்துப் போடு.”

“பதினோரு நாளும் சேத்து.”

“இன்னாது?”

“மார்ச்சு பொறந்து பதினோரு நாள் ஆகுது சார்.”

பார்த்தார். எழுதினார்.

“லெட்டர் போடுவாங்களா சார்?”

“போடறாங்க. அறுபத்தொண்ணுக்கும். திருத்தற வேலை நம்மகிட்டதான் வருது. ஏழுமலை பாத்துப்பான்.”

“கட்டணம்?”

“பாதி.”

“அவங்க தப்புக்கு அவங்களே பாதிக் காசு வாங்கறாங்களா?”

“ஏம்மா, உனக்கு வேலை போயிருக்கு. அத நினைச்சு அழு.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தார். கரும்பு லாரி போயிற்று. உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

கடையில் இருக்கிறேன். அண்ணன் சொன்ன மாதிரியே கல்லாவில். நினைக்க நினைக்கச் சிரிப்பு, எரிச்சல்.

காலையிலிருந்து விற்றது: பால் குக்கர் 1, சில்வர் குடம் 2, டீ வடிகட்டி 4. ஓர் அம்மா அரை மணி நேரம் பேரம் பேசி ஒன்றும் வாங்காமல் போனார். பிறகு திரும்பி வந்து, “ஏம்மா, இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணித் தந்தா கொறஞ்சா போயிடுவ?” தந்துவிட்டேன். அத்தா முறைத்தார்.

அம்மா யாரிடமோ போனில்: “வேலையா? அதெல்லாம் அவளே வேணாம்னு வுட்டுட்டா.”

போனைப் பிடுங்கப் போனேன். “நான் வேணாம்னு சொல்லலம்மா. எடுத்துட்டாங்க. அப்படியே சொல்லு.”

“சொன்னா நல்லாவா இருக்கும்?”

“நல்லா இல்ல. ஆனா சொல்லு.”

சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

வெயில் தாங்கவில்லை. பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள். கடையில் நிற்க இடமில்லை. மதியம் அத்தாவிடம் மூன்று மணி நேரம் கேட்டுக்கொண்டு சின்னசேலம் பஸ் ஏறினேன். வரிக் கணக்குப் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள்.

பஸ்ஸில் அண்ணனின் போன். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“கேக்குதா? பஸ்ஸுல இருக்கியா?”

“சொல்லுண்ணா.”

“முப்பத்தாறு பேர்கிட்ட இருந்து பதில் வந்திருக்கு. இருவத்தெட்டு வேணுங்கறாங்க. அந்தச் சலவைக்காரம்மா மொத நாளே அனுப்பிச்சிட்டாங்க.”

“மீதி எட்டு?”

“வேணாமாம்.”

“அவங்களே சொன்னாங்களா?”

“அவங்களே. ஒருத்தர் காரணம் கூட எழுதியிருக்காரு, கவர்மென்ட்டு பணமே வேணாம்னு. திட்டித் தள்ளியிருக்காரு.” சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“உன்ன அப்படி எழுதச் சொன்னது...” என்றார்.

“அனுவுக்கு ஆச்சாண்ணா?”

“வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கான்.”

“வெள்ளிக்கிழமைன்னா காலையிலயே போய் நில்லு. மதியத்துக்கு மேல இருக்க மாட்டாங்க.”

“சரிம்மா.”

சின்னசேலம் ஆபீஸ். மின்விசிறிக்கு அடியில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். ஒரு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், படிப்பு. முன்பு பார்த்த வேலை. எத்தனை மாதம். கையெழுத்து நன்றாக வந்தது.

கடைசிக்கு முந்திய கேள்வி: வேலையை விட்டதற்குக் காரணம்.

எதிரே ஒற்றைக் கோடு. ஒரு விரல் நீளம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்து, “அது கட்டாயமில்லக்கா, காலியா வுட்டுடுங்க” என்றாள்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.